ஊற்றுகிறவளும் தடுக்கிறவளும்

அந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது புதுச்சேரியில், கண் பரிசோதனை முடிந்து திரும்பும் வழியில். கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் மயக்கம் தெளியாத நேரம்; வெயில் வழக்கத்தைவிட வெண்மையாக இருந்தது. ஆகவே, பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்தில் நின்ற விளம்பரப் பலகையில் என்னையே கண்டபோது, மருந்தின் வேலை என்றுதான் முதலில் எண்ணினேன்.

அது சோடா விளம்பரம். சோடா என்பது எழுத்தில் மட்டுந்தான். பீரை விளம்பரம் செய்யச் சட்டம் இடந்தராது என்பதால், பீர் விற்கும் நிறுவனங்கள் அதே பெயரில், அதே எழுத்து வடிவில், அதே பச்சை நிறத்தில் சோடா விற்பதாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். பார்க்கும் எவருக்கும் அது எந்தச் சோடா என்று விளக்க வேண்டியதில்லை. கணினியில் வரைந்த படம். நடுவே சோபாவில் மூன்று இளைஞர்கள் கால்நீட்டிச் சாய்ந்திருந்தார்கள்; அவர்கள் கையிலிருந்த குவளைகளில் எந்தச் சோடாவுக்கும் வராத நுரை பொங்கி நின்றது. வலப்பக்கம் ஓர் இளம்பெண் ஒரு கையில் தட்டு ஏந்தி, இடுப்பை ஒடித்து, குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு குவளை இல்லை. அவள் பார்வை தான் ஊற்றும் பாட்டிலின் மேலும் இல்லை. அந்த இளைஞர்களின் மேல் இருந்தது. இடப்பக்கம், வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டே, தலையைத் திருப்பி விரலை உயர்த்தி எச்சரிக்கும் ஒரு முதியவள். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, இறுக்கிய கொண்டை, முழங்கை மடிப்பில் தொங்கும் கறுப்புக் குடை, வலது மணிக்கட்டில் உட்புறமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: "டீச்சர் போயாச்சு. ஆரம்பிக்கலாமா?"

கஞ்சிச் சேலையும் குடையும் கொண்டையும் இந்நாட்டில் பல ஆசிரியைகளுக்கு உண்டு. கடிகாரத்தை அப்படிக் கட்டுகிறவர்களும் சிலர் இருக்கலாம். ஆனால் உயர்த்திய அந்த விரல், முதல் கணுவிலிருந்து இடப்பக்கமாக வளைந்திருந்தது. ஏழு வயதில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் கைமெஷினில் சிக்கிய விரல் அது. முறையாகக் கட்டுப்போட ஆளின்றி, வளைந்தபடியே கூடிவிட்டது. அந்த வளைவை அத்தனை சரியாக வரையத் தெரிந்தவள் உலகில் ஒருத்திதான். அவள் செஞ்சியில், என் வீட்டு மாடி அறையில் இருந்தாள்.

என் மகள் அவள். சென்னையில் வாழ்க்கைப்பட்ட இடம் ஒத்துவராமல் நான்கு ஆண்டுகளுக்கு முன் திரும்பி வந்தவள். நீதிமன்றத்தில் மணவிலக்கும் முடிந்துவிட்டது. ஊரில் அதை நான் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள்" என்றேன். பொய்யன்று, முழு உண்மையும் அன்று. அந்தக் கம்பெனி விளம்பரப் படங்கள் வரைந்து கொடுக்கும் கம்பெனி. எதற்கெல்லாம் விளம்பரம் என்று நான் கேட்டதில்லை. மாடி அறைக்குப் பின்பக்கமாக ஒரு படி உண்டு. வருவதும் போவதும் அந்த வழியாக இருந்தால் நல்லது என்று ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லத் தேவை ஏற்படவில்லை. கல்யாண வீடுகளுக்கு நான் தனியே சென்று வந்தேன்.

இங்கே என்னைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைக்காக அன்று, இழக்க என்ன இருந்தது என்பது விளங்குவதற்காக. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் பிறர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியவர். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண் நான். அரசுப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். என் நைனாவை ஒருமையில் ஏவிய வீடுகளின் பிள்ளைகள் என் முன்னால் கைகட்டி நின்றார்கள். அந்த மாற்றம் படிப்பால் மட்டும் வந்ததன்று; சேலையில் போட்ட கஞ்சியாலும் வந்தது. ஒரு சுருக்கம் தெரிந்தாலும் 'அந்தத் தெருப் புத்தி' என்பார்கள் என்பதை அறிந்திருந்தேன். ஆகவே பணிக்காலம் முழுவதும் ஒரு சுருக்கமும் தெரியாதபடி வகுப்புக்குள் நுழைந்தேன். சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன். உட்காரும்போதும் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தேன். புதுச்சேரியில் இரண்டு மாடி உயரத்தில் வேடிக்கைப் பொருளாக நின்றது அந்தக் கஞ்சிதான்.

வீடு திரும்பியதும் மகளிடம் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டால் அது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். புதுச்சேரி எங்கே, செஞ்சி எங்கே, பலகையை ஒருநாள் மாற்றிவிடுவார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவள் சாப்பிட இறங்கி வந்தபோது, கண் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். இருவரும் சாப்பிட்டோம்.

அந்தச் சமயத்தில் ஊரில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கூட்டு ரோட்டை அடுத்த பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தில் மதுக்கடை வரவிருப்பதாகத் தெரியவந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகள் மாலையில் நிற்பது அந்த நிறுத்தத்தில்தான். அதன் அருகே சீருடை தைக்கும் கடை வைத்திருக்கும் ஒரு பெண் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினாள். அவள் மகளும் அங்கிருந்து பேருந்து ஏறுகிறவள். மனுவை எழுதிக் கொடுத்தது நான். அதிகாரி விசாரணைக்கு நாள் குறித்தபோது, பெண்கள் சார்பில் பேச வேண்டியது நானே என்றும் முடிவாயிற்று. "டீச்சரம்மா பேசினா ஆபீசரே எழுந்து நின்னுடுவாரு" என்று அவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கையில் படம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் அதைப் படமெடுத்து, மாணவர்கள் வைத்திருக்கும் கைப்பேசிக் குழுவில் போட்டிருக்கிறான். "நம்ம பெரிய டீச்சர்தானே இது?" என்ற கேள்வி, கீழே சிரிக்கும் பொம்மை முகங்களின் வரிசை. இரண்டு நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. டீக்கடையைக் கடந்தபோது, "டீச்சர் போயாச்சுப்பா" என்று ஒரு குரல் என் முதுகுக்குப் பின்னால் எழுந்தது; தொடர்ந்து சிரிப்பு. ஓய்வு பெற்ற பிறகும் நான் கடந்து செல்கையில் பீடியை மறைத்த கடை அது.

தையற்காரப் பெண் ஐந்தாறு பெண்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, போன்ல ஒரு படம் சுத்துது. பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

"இன்னா திமிரு பாருங்க அவனுங்களுக்கு. நாம கடைய வர உடமாட்டோம்னு தெரிஞ்சிக்கினே போட்டிருக்கானுங்க. உங்க போட்டோவ இங்கேர்ந்துதான் எவனோ குடுத்துருக்கான்."

எங்கோ இருக்கும் பெரிய நிறுவனம், செஞ்சிப் பெண்களின் மனுவுக்கு அஞ்சி என்னைக் கேலிப்படம் ஆக்கிவிட்டது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். புகைப்படத்தைக் கொடுத்த துரோகி யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. மதுக்கடைக்கு இடம் கொடுத்த கட்டடக்காரர் என்றாள் ஒருத்தி. அவரிடம் என் புகைப்படம் ஏது என்று இன்னொருத்தி கேட்டாள். மேலே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "மாடியில பாப்பாவா? வேலை நடக்குதா?" என்று தையற்காரப் பெண் அன்போடு கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று மாலையே வக்கீல் ஒருவர் வந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். இன்றும் நான் உட்காரச் சொல்லாமல் உட்காரமாட்டார். கையோடு ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க டீச்சர். வரைஞ்சவன் யாருன்னு கம்பெனி வாயாலயே சொல்ல வெச்சுடறேன். அவன் வேலைய உட்டுப் போற வரைக்கும் நான் உடப்போறதில்ல." படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதாகச் சொல்லி வாங்கி வைத்தேன். நல்ல நோட்டீஸ். ஒரு வாக்கியப் பிழையும் இல்லை; நான் கற்பித்த மாணவர் அல்லவா?

அதற்குமேல் கேட்காமலிருக்க இயலவில்லை. மறுநாள் முற்பகல் மாடி ஏறினேன். அவள் அறைக்குள் நான் சென்று பல மாதங்கள் ஆகியிருந்தன. சன்னலை மறைத்தபடி ஒரு மேசை. அதன்மேல் இரண்டு திரைகள். நோட்டீஸை அவள் முன்னால் வைத்தேன். அவள் முழுவதும் படித்தாள். முகத்தில் வியப்பு இல்லை.

எப்போது பார்த்தாய் என்று அவள்தான் என்னைக் கேட்டாள். சொன்னேன். அப்போதே ஏன் கேட்கவில்லை என்றாள். நீயா வரைந்தாய் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"எங்களுக்கு ஒரு குறிப்பு வரும்மா, படத்துல யார் யார் இருக்கணும்னு. ஆம்பளைங்கன்னா நெறைய எழுதியிருப்பாங்க. ஒருத்தன் பாட்டு பாடுவான், ஒருத்தன் கிரிக்கெட் பைத்தியம், ஒருத்தனுக்குக் காதல் தோல்வி. பொம்பளைக்கு ரெண்டே எடந்தான். ஊத்துறவ ஒருத்தி, தடுக்கிறவ ஒருத்தி. மூணாவதா யாரும் கெடையாது."

ஊற்றுகிறவளைப் பதினெட்டு முறை திருத்தினாளாம். இடை பெரிது, நிறம் மட்டு, சிரிப்புப் போதாது என்று திரும்பித் திரும்பி வந்ததாம்.

"உன்ன மட்டும் ஒரே தடவையில ஓகே பண்ணிட்டாங்க" என்றாள்.

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் காதில் நிற்கிறது. பெற்ற தாயைக் கொண்டுபோய் நிறுத்த வேறு இடம் கிடைக்கவில்லையா என்றேன். என் குரல் தாழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். வேண்டுமென்று வரையவில்லையாம். தடுக்கிறவள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் கை தானாகப் போயிற்றாம். வரைந்து முடித்த பிறகுதான் அந்த விரலைக் கவனித்தாளாம். நேராக்கிப் பார்த்தாளாம், அப்போது அது யாருடைய விரலாகவும் இல்லையாம். மறுபடி வளைத்துவிட்டாளாம்.

"எனக்குத் தடுக்கிறவங்கன்னா வேற மொகம் தெரியாதும்மா."

நான் வாயிலை நோக்கித் திரும்பினேன். அவள் நிறுத்தவில்லை. அந்தத் தட்டு ஏந்திய பெண்ணின் நிலையை எங்கே பார்த்து வரைந்தாள் தெரியுமா என்று கேட்டாள். "உன் ஸ்கூல் ஆண்டு விழாலதான்."

ஆண்டு விழாவுக்கு விருந்தினர் வரும்போது, பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்த தட்டுடன் வாயிலில் நான்கு பெண்கள் நிற்பார்கள். பாவாடை தாவணி, தலை நிறையப் பூ. ஆண்டுதோறும் அந்த நால்வரைத் தேர்ந்தெடுத்தது நான். படிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல இயலாது. நிறத்தையும் உயரத்தையும் பார்த்தேன். குனிந்து சந்தனம் கொடுக்கும்போது சிரிக்க வேண்டும், நிமிர்ந்து பேசக் கூடாது என்று முதல்நாளே நிற்கவைத்துப் பழக்கினேன். நான் மாணவியாக இருந்த காலத்தில் அந்தத் தட்டு ஒருநாளும் என் கைக்கு வந்ததில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் கைக்கே வந்ததில்லை. ஏனென்று கேட்க வேண்டியதும் இருந்ததில்லை. நான் தலைமையாசிரியை ஆன பிறகும் வரவில்லை. என் மகளையும் நான் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. தலைமையாசிரியை மகள் என்று பேசுவார்கள் என்பது நான் சொன்ன காரணம். அவள் என் நிறம்.

அறையை விட்டு வரும்முன் ஒன்று மட்டும் கேட்டேன்: இந்த நோட்டீஸ் போனால் என்ன ஆகும்? வேலை போய்விடும் என்றாள். நிறுவனத்துக்கு வழக்குத் தேடித்தந்தவள் என்று தெரிந்தால் இந்தத் தொழிலில் வேறு எவரும் எடுக்கமாட்டார்கள் என்றாள். பிறகு சன்னல் பக்கம் கைகாட்டி, "வேலை போச்சுன்னா இந்த ரூம்ல நான் இன்னான்னு இருக்கறதும்மா?" என்றாள். சென்னையில் பல ஆண்டுகள் இருந்தும் அந்த 'இன்னா' அவளை விடவில்லை. பள்ளி நாளில் அதற்காக நான் அவளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். அன்று திருத்தத் தோன்றவில்லை.

கையெழுத்திடாமல் இருந்துவிட்டால் போதும், விஷயம் ஆறிவிடும் என்று கீழே வந்து கணக்கிட்டேன். அந்தக் கணக்கைப் பழைய மாணவர்கள் கலைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் பிறந்தாலும் பிளெக்ஸ், காது குத்தினாலும் பிளெக்ஸ், இறந்தாலும் பிளெக்ஸ். கண்டனத்துக்கு மட்டும் இல்லாமல் போகுமா? அன்று பிற்பகல் கூட்டு ரோட்டில் இருபதடி அகலத்தில் ஒன்று எழுந்தது. 'எங்கள் தலைமையாசிரியை அவர்களை இழிவுபடுத்திய நிறுவனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று தலைப்பு. எதைக் கண்டிக்கிறார்கள் என்பது பொதுமக்களுக்கு விளங்க வேண்டுமல்லவா? ஆகவே இடப்பக்கம் அந்த விளம்பரம் முழுவதும் அச்சாகியிருந்தது. கைப்பேசியில் வந்த படம் மங்கலாக இருந்ததால், கடைக்காரர் தம் தொழில் திறமையைக் காட்டிப் பாட்டிலையும் ஊற்றுகிறவளையும் நன்கு துலக்கிக் கொடுத்திருந்தார். வலப்பக்கம், அதே உயரத்தில், நான். குடியரசு நாள் விழாவில் பேசியபோது எடுத்த படம், விரல் உயர்ந்திருந்தது. கீழே வட்டம் வட்டமாகக் கண்டிப்போர் நாற்பது பேரின் முகங்கள், சிலர் கறுப்புக் கண்ணாடியோடு. சட்டப்படி எங்கள் ஊரில் வைக்க இயலாத பீர் விளம்பரம், என் மானத்தைக் காக்கும் பொருட்டு ஊர் நடுவே நின்றது. மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குச் செல்லும் சிறப்புப் பேருந்துகள் எல்லாம் அதன் அருகே நின்றுதான் திரும்ப வேண்டும். எத்தனையோ ஊர்ச் சனங்கள் சன்னல் வழியே இரண்டு விரல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள். சிலர் இறங்கி அதன் கீழே நின்று படமெடுத்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன்.

நான் இரண்டு நாள் வெளியே செல்லவில்லை. மகள் மாடியில், நான் கீழே. பின்பக்கப் படியில்கூடக் காலடி ஓசை இல்லை. அவளை அந்த அறையில் இருத்தி வைத்த நான்கு ஆண்டுகளில், அது எப்படி இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ண வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் வக்கீலையும் தையற்காரப் பெண்ணையும் வரச்சொன்னேன். அவள் தனியே வரவில்லை. வழக்கமான பெண்களும் வந்தார்கள். என் முடிவை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை மனத்துக்குள் அமைத்து வைத்திருந்தேன். படத்தில் இருப்பது நான் அல்ல. ஏதோ ஒரு பொதுவான ஆசிரியை. அற்ப ஒற்றுமைக்காக வழக்குத் தொடுப்பது நம் மனுவைப் பலவீனப்படுத்தும். ஆகவே நோட்டீஸ் வேண்டாம். வாழ்நாளில் பிள்ளைகளைப் பொய்க்காக எத்தனை முறை தண்டித்திருப்பேன் என்று தெரியாது. அன்று நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பொய்யைப் பிசிறின்றிச் சொன்னேன்.

வக்கீல் மறுக்கவில்லை. தம் கைப்பேசியில் அந்த பிளெக்ஸின் படத்தை எடுத்து, விரலைப் பெரிதாக்கி, இரண்டு கைகளாலும் என் முன் நீட்டினார்.

"டீச்சர், அளவெடுத்தே வரைஞ்சிருக்கான். இது நீங்க இல்லேன்னா கோர்ட்டே நம்பாது. நீங்க பெருந்தன்மையா உடலாம். நாங்க உட முடியாது. சங்கத்து பேர்லயே அனுப்பிடறோம், உங்க கையெழுத்தே வேணாம்."

பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் நாளைக் காலை நோட்டீஸ் போகும் என்றார். அதாவது என் கையை விட்டுப் போய்விட்டது. என்னைக் காப்பாற்றும் அவர்களைத் தடுக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். சொன்னால் நான் கட்டிக் காத்தது எல்லாம் போகும். வக்கீல் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது நினைவிருக்கிறது.

"அத வரைஞ்சது எம்பொண்ணு" என்றேன்.

முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறைத் தமிழ் அந்த ஒரு வாக்கியத்துக்கு உதவவில்லை. எங்கள் தெருத் தமிழில்தான் வந்தது.

கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு, கம்ப்யூட்டர் கம்பெனி என்பது எது என்பதையும், அவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்பதையும், மணவிலக்கையும் சேர்த்தே சொன்னேன். ஒன்றைச் சொன்னால் மற்றொன்று தானாக வரவேண்டியிருந்தது. வக்கீல் நோட்டீஸை நான்காக மடித்தார். "சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று மட்டும் சொல்லி எழுந்துகொண்டார். முதன்முறையாக, போகட்டுமா என்று கேட்காமல் போனார்.

பெண்களில் ஒருத்தி, மல்லாட்டைக் கொல்லைக்குக் கூலிக்குப் போகிறவள், மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஊட்டுக்குள்ளாரயே பீரு படம் வரைய உட்டுட்டு, எங்கள ஊரு பூரா கையெழுத்து வாங்கியாரச் சொன்னீங்களா டீச்சரம்மா?"

தையற்காரப் பெண் அவள் கையைப் பிடித்து, "சும்மா இருடி" என்றாள். ஆனால் அவளும் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, விசாரணையில் தானே பேசிக்கொள்வதாகவும், உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பிளெக்ஸ் அன்று மாலையே இறங்கியது. படமெடுத்தவர்களின் கைப்பேசிகளில் அது இறங்கவில்லை.

விசாரணைக்கு நான் சென்றேன். செல்லாவிட்டால் ஒளிந்துகொண்டதாகும். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தையற்காரப் பெண் நான் எழுதிய மனுவைக் கையில் வைத்திருந்தாளே தவிர, அதைப் படிக்கவில்லை. தன் மகள் எந்த நேரத்துக்கு எந்தப் பேருந்துக்கு நிற்கிறாள், அது வராவிட்டால் அடுத்தது எப்போது, அதுவரை நிற்க வேறு இடம் எங்கே இருக்கிறது என்று அதிகாரியையே கேட்டாள். நான் பேசியிருந்தால் அதைக் கேட்டிருக்கமாட்டேன். பண்பாட்டைப் பற்றிப் பேசியிருப்பேன். கட்டடக்காரர் தம் முறை வந்தபோது திரும்பி என்னைப் பார்த்து, "டீச்சரம்மா பொண்ணே பீருக்குப் படம் போடுது சார், கடை வந்தா மட்டும் இன்னா?" என்றார். பலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மனு பரிசீலனையில் இருக்கும் என்று எழுதினார். இதை எழுதும் இன்றுவரை கடை வரவில்லை. வராது என்றும் எவரும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது மகள் கீழே, கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊர் அவளுக்கும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது.

"நீ பொய் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

சொன்னேன், எடுபடவில்லை என்றேன்.

அவள் சிரித்தாள் என்றே நினைக்கிறேன். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்ததால் உறுதியாகச் சொல்ல இயலாது. சற்றுப் பொறுத்து, கம்பெனியிலிருந்து பேசியதாகச் சொன்னாள். செஞ்சியில் நடந்தது அவர்களுக்கும் எட்டியிருக்கிறது. கோபமில்லை, பெருமகிழ்ச்சியாம். ஊரே கொந்தளிக்கும் அளவுக்கு அந்த டீச்சர் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டாராம். இன்னும் ஆறு படம் வேண்டுமாம், ஒவ்வொன்றிலும் டீச்சர் வந்து தடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாளாம். அவர்களும் வற்புறுத்தவில்லை, தண்ணீர்த் தொட்டி விளம்பரம் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு, டீச்சரை அங்கே வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம்.

அவர் என்னைப் பார்த்ததே இல்லையே, யாரைப் பார்த்து வரைவார் என்று கேட்டேன்.

"அவருக்கும் அம்மா இருக்காங்கல்லம்மா" என்றாள்.

வெங்காயத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.